இரவு வேட்டைக்குப் போகும் தம்பிகளுக்கு

மலையடிவாரத்து ஊர்களில் வாழும் அன்புள்ள தம்பிகளே,

பொங்கல் கழிந்த நாட்களிலும், மாசிச் சிவராத்திரியை ஒட்டியும், கோடை மழைக்கு முந்திய வறண்ட வாரங்களிலும், அந்தி மயங்கியபின் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து, இரண்டு நாய்களுடனும் சில சமயம் ஒரு நாட்டுத் துப்பாக்கியுடனும் காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் எவரோ, அவர்களுக்கே இம்மடலை எழுதுகிறேன். உங்களைக் குற்றவாளிகள் என்று முதல் வரியிலேயே தீர்மானித்துவிட்டு எழுதப்படும் அறிவிப்புகளை நீங்கள் நிறையப் பார்த்திருக்கிறீர்கள். சோதனைச் சாவடியின் தகரப் பலகையில் சிவப்பு எழுத்தில் நிற்கும் எச்சரிக்கையைப் படித்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நீங்கள். அதையே இன்னொரு முறை எழுதுவதால் பிரயோஜனம் ஏதும் இல்லை. வேட்டைக்கென்று ஒரு தர்மம் உண்டு, அந்தத் தர்மத்தை இருட்டில் காப்பாற்ற எவராலும் முடியாது என்ற ஒரே விஷயத்தை, என் தம்பிமார்களிடம் பேசுவதுபோல உங்களிடம் பேசவேண்டும் என்று தோன்றியது.

இரவில் வேட்டை கூடாது என்ற விதியை, காட்டையே கண்டிராத யாரோ பட்டணத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். விஷயம் அப்படி இல்லை. நீலகிரியில் 1877-ஆம் ஆண்டிலேயே வேட்டைப் பிரியர்கள் ஒன்றுகூடித் தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். கண்ணெதிரே விலங்குகள் அருகிக்கொண்டு வருவதைக் கண்டு அவர்கள் செய்த முயற்சியின் பயனாக 1879-இல் அந்த மலைக்கென்று தனிச் சட்டம் ஒன்று பிறந்து, உரிமம் என்றும் வேட்டைக்கு ஆகாத பருவம் என்றும் கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. பின்னர் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும், உரிமம் பெற்று வேட்டையாடுவதற்கு அதில் இடம் இருக்கவே செய்தது. ஆயினும் அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உரிமத்தைக் கையில் வைத்திருப்பவன்கூட, சூரியன் மறைந்தது முதல் மீண்டும் உதிக்கும் வரை எந்த விலங்கையும் வேட்டையாடக் கூடாது, வேட்டைக்குச் செயற்கை விளக்கைப் பயன்படுத்தக் கூடாது, மோட்டார் வண்டியிலிருந்து சுடக் கூடாது, கண்ணியாலும் படுகுழியாலும் நஞ்சாலும் வெடியாலும் கொல்லக் கூடாது, நீர்ப்பறவை முதலிய சில நீங்கலாக, தண்ணீர்த் துறையிலோ உப்பு நக்கும் இடத்திலோ அவற்றுக்குப் போகும் தடத்திலோ பதுங்கியிருந்து எதையும் அடிக்கக் கூடாது என்று வரிசையாக விதித்திருந்தது. தான் அடித்த இரையைத் தேடித் திரும்பி வரும் ஊனுண்ணியை, அதற்கெனத் தனி அனுமதி பெற்றவன் இரவில் விளக்கு வைத்துச் சுடலாம் என்ற ஒரு விலக்கு மட்டுமே இருந்தது. 1991-இல் வேட்டை உரிமம் என்பதே சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டபோது இந்தப் பிரிவும் அதனுடன் போயிற்று. வேட்டை நியாயமாகக் கருதப்பட்ட காலத்திலேயே, வேட்டையாடுபவர்களின் உலகம் நன்கறிந்த கேவலங்களின் பட்டியலாக அது இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இன்னும் பழைய சாட்சி ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடர் குலத்தில் பிறந்த திண்ணனாருடைய கன்னி வேட்டையை வர்ணிக்கும் இடத்தில், அத்தனை ஆரவாரத்துக்கும் அம்பு மழைக்கும் நடுவே, அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, கருவுற்று நடை தளர்ந்த பெண் விலங்குகளைத் துன்புறுத்தவில்லை என்று நிறுத்திச் சொல்லிவிட்டே மேலே போகிறார். கண்ணப்பர் என்று நாம் கைகூப்பித் தொழும் அந்த வேடருடைய கூட்டத்துக்கு எதை விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. தெரிந்ததற்குக் காரணம், அவர்கள் பகல் வெளிச்சத்தில், எதிரே நிற்பது இன்னது என்று கண்ணால் கண்டு வில்லை வளைத்தவர்கள். உங்கள் நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் கண்கூசி நிற்கும் புள்ளிமான் சினையா அல்லவா, அதன் பின்னால் புல்லுக்குள் குட்டி படுத்திருக்கிறதா இல்லையா என்பதை உங்களில் எவராலும் சொல்ல முடியாது.

விளக்கை வீசும்போது உங்களுக்குத் தெரிவது இரண்டு ஒளிப் புள்ளிகள்தாம். மான், மாடு, ஆடு, நாய், சிறுத்தை, தேவாங்கு ஆகிய இவற்றின் விழித்திரைக்குப் பின்னால், உள்ளே வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் புதருக்குள்ளிருந்து அவற்றின் கண்கள் மினுங்குகின்றன. மினுங்கும் நிறத்தைக் கொண்டே இன்ன பிராணி என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசும் பேர்வழி ஊருக்கு ஒருவர் இருப்பார். விளக்கின் தன்மையும் பார்க்கும் கோணமும் மாறினால் அந்த நிறமும் மாறிவிடும் என்பதை அவர் சொல்வதில்லை. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மனிதனுடைய கண்ணில் அந்தப் படலம் இல்லை. பன்றி இனத்துக்கும் இல்லை. ஆகவே காட்டுப்பன்றிக்காகக் காத்திருப்பவன் கண் மினுங்கலை எதிர்பார்க்க வழியில்லாமல், அசைகிற கரிய உருவத்தையும் சருகு மிதிபடும் ஓசையையும் நம்பியே குதிரையை இழுக்கிறான். அந்த உருவமும் அந்த ஓசையும், புதரோரம் குனிந்து நடக்கும் அவனுடைய தோழனுக்கும் அப்படியே பொருந்தும். வேட்டைக்குச் சென்ற இடத்தில் விலங்கென்று நினைத்து உடன் வந்தவனையே சுட்டுவிட்டான் என்ற செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் குடிபோதை என்றும் முன்பகை என்றும் ஊரார் காரணம் கற்பிக்கிறார்கள். போதையும் பகையும் துளியும் இல்லாதிருந்தாலும் இந்த விபத்து நடக்கும் என்பதே உண்மை.

அந்த நாட்டுத் துப்பாக்கியையும் ஒருமுறை பகலில் எடுத்துப் பாருங்கள். பட்டறையில் யாரோ ஒருவர் குழாயைச் சூடாக்கி, தட்டி, பற்றவைத்துச் செய்தது. அதன் பற்றுவாய் எத்தனை அழுத்தம் தாங்கும் என்று எவரும் சோதித்ததில்லை. கரிமருந்தைக் கண்ணளவாகக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கெட்டித்து, அதன்மேல் ஈய ரவையோ, கிடைக்காதபோது சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ் குண்டுகளையோ போட்டு நிறைக்கிறீர்கள். மருந்து ஈரம் கொண்டிருந்தால் வெடிக்காமல் நிற்கும். ஏன் வெடிக்கவில்லை என்று குனிந்து பார்க்கும் கணத்தில் வெடிக்கும். மருந்து மிகுந்துவிட்டால் குழல் பின்புறமாகப் பிளந்துகொண்டு, சுடுகிறவனுடைய கன்னத்தையும் கட்டைவிரலையும் எடுத்துக்கொண்டு போகும். சரியாக வெடித்தாலும் ரவை ஒரே கோட்டில் போவதில்லை, விரிந்து பரவுகிறது. விலங்கு ஒன்றிரண்டு ரவையை வயிற்றில் வாங்கிக்கொண்டு ஓடி, விடியுமுன் நீங்கள் தேடிச் செல்ல முடியாத பள்ளத்தில் கிடந்து, நாட்கணக்கில் வதைபட்டுச் சாகிறது. அடிபட்ட பிராணியைத் தேடிப் பிடித்து அதன் துன்பத்தை முடித்துவைப்பது வேட்டைக்காரனுடைய முதற்கடமை என்று உங்கள் தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். இரவு வேட்டையில் அந்தக் கடமையைச் செய்ய இயலாது.

அடிபட்டவன் மனிதனாக இருந்துவிட்டால் நடப்பது அதனினும் கொடியது. காட்டுக்குள் ஏன் போனீர்கள் என்ற கேள்விக்குப் பயந்து உடன் சென்றவர்கள் கலைந்து ஓடுகிறார்கள், அல்லது எல்லைக்கல்லுக்கு வெளியே தூக்கி வந்து போட்டுவிட்டு, கிணற்றில் தவறி விழுந்தான் என்று ஒரு கதையைக் கட்டுகிறார்கள். ரவை பாய்ந்தவனுக்கு இரத்தம் வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் உயிர். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நடமாடும் நேரமும் அதே இரவுதான். பாம்பு தீண்டியவனுக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவுக்கு அவன் பிழைப்பான். கதை கட்டுவதில் கழிந்த அந்த ஒரு மணி நேரத்தால் இறந்துபோன பிள்ளைகளின் தாய்மார் உங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கலாம். அவர்களிடம் உண்மையை இன்றுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மடலில் வேறெதையும் நீங்கள் ஏற்காமல் போனாலும் இதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்: உடன் வந்தவனுக்கு ஆபத்து என்றால், வழக்கும் சிறையும் பிறகு, முதலில் 108-ஐ அழையுங்கள், என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

துப்பாக்கியே வேண்டாம் என்று கண்ணியும் அவுட்டுக்காயும் வைக்கிறவர்கள், தாங்கள் அபாயம் குறைந்த வழியைக் கைக்கொண்டதாக எண்ணுகிறார்கள். மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் வயரைச் சுருக்கிட்டு, காட்டுப்பன்றி போகும் தடத்தில் ஒரு மரத்தின் அடியில் கட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறீர்கள். அந்தச் சுருக்கு பன்றியின் வருகைக்காகக் காத்திருப்பதில்லை, எது முதலில் வருகிறதோ அதை இறுக்குகிறது. இடுப்பில் கம்பி இறுகிய சிறுத்தை, விடுபடத் திமிறத் திமிறக் கம்பி தசைக்குள் ஆழமாக இறங்க, அந்த மரத்தைச் சுற்றியிருக்கும் மண்ணையெல்லாம் பிறாண்டி உழுதுவிட்டுச் செத்துக் கிடக்கும். அவுட்டுக்காயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2020-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில், வெடி பொதிந்த காயைக் கடித்து வாய் சிதைந்த பெண் யானை ஒன்று, வெள்ளியாற்று நீரில் வாயை அமிழ்த்தி நின்றபடியே உயிர் விட்டதையும், அதன் வயிற்றில் கரு இருந்ததையும் உலகமே அறிந்து கண்கலங்கியது. அந்த வெடி யானைக்காக வைக்கப்பட்டதன்று, பன்றிக்காக வைக்கப்பட்டது. மேய்ச்சலுக்குப் போன பசு தாடை பிளந்து வீடு திரும்புவது நம் பக்கத்திலும் நடப்பதே. கொக்கி போட்டு மின்கம்பியை இழுத்து வேலியில் விடுகிறவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் ஒருசேர மாண்டன, அவற்றின் குட்டிகள் இரண்டு மட்டும் தப்பின.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டினுள் அனுமதியின்றி நுழைவதும் வேட்டையாடுவதும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியே குற்றம். வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மாத்திரமன்று. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்குச் செய்யும் முயற்சி ஆகிய அனைத்தும் வேட்டையே. ஆகையால் 'ஒன்றும் கிடைக்கவில்லை, வெறுங்கையோடுதான் திரும்பினோம்' என்ற சமாதானம் நீதிமன்றத்தில் செல்லாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டையாடினால், அது வெறும் முயலேயானாலும், மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஏழாண்டு வரை போகலாம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பயன்படுத்திய வண்டியும் ஆயுதமும் அரசுக்குச் சேரும். உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின்படி தனி வழக்கு. தற்காப்புக்காக விலங்கைக் கொன்றவனை மன்னிக்கும் பிரிவு ஒன்று சட்டத்தில் இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்த நேரத்தில் அவனே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. கரடி பாய்ந்தது, அதனால் சுட்டேன் என்று, நள்ளிரவில் சரணாலயத்துக்குள் துப்பாக்கியோடு நின்றவன் வாதாட முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் பக்கத்து நியாயத்தைக் காணாதவன்போல நடந்துகொள்வது நேர்மையாகாது. நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டு, கடன் வாங்கி உரமிட்டு, அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரே இரவில் பன்றிக் கூட்டம் நிலத்தைக் கிளறிப் போட்டுவிட்டால், அந்தக் குடியானவனிடம் ஜீவகாருண்யம் பேசுவதற்கு யாருக்கும் வாய் வராது. 2025-இன் தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். அந்த முதல் கிலோமீட்டருக்குள் நிலம் வைத்திருப்பவனுக்கு இதில் ஆறுதல் குறைவு என்பதே என் அபிப்பிராயம். அவனுக்கு நஷ்டஈடு காலதாமதமின்றிக் கிடைக்க வேண்டும், அனுமதி பெற்ற சூரிய மின்வேலி அமைக்க உதவி கிடைக்க வேண்டும், அதற்காக நீங்கள் ஊராட்சியிலும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் ஓங்கிக் குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் என் போன்றவர்களும் உங்களுடன் நிற்போம். பழங்குடி மக்களுக்குக் காட்டின்மேல் உள்ள உரிமைகளை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டபோதிலும், வேட்டையை மட்டும் அது விலக்கியே வைத்தது. அதில் அவர்களுக்கு மனத்தாங்கல் இருப்பது இயல்பே. ஆனால் வழிகாட்ட ஒரு இருளப் பையனை முன்னால் நடக்கவிட்டு, இறைச்சியை மூட்டை கட்டிப் பட்டணத்துக்கு விற்றுவிட்டு, பிடிபடும்போது அந்தப் பையனை மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது. பயிரைக் காப்பதற்கும் அவர்கள் நடத்தும் வியாபாரத்துக்கும் ஸ்நானப் பிராப்தியும் இல்லை.

பயிர்க் காவலுக்காக இரவில் வெளியே இருக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. தனியாகப் போகாதீர்கள். காவலிருப்பது பரண்மேலாக இருக்கட்டும். தரையில் படுத்து உறங்க வேண்டாம். நடக்கும்போது விளக்கைக் காலடியில் காட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே நடங்கள்; யானையும் கரடியும் பெரும்பாலும் எதிர்பாராமல் மிக அருகில் மனிதனைக் கண்ட கணத்தில்தான் தாக்குகின்றன. அத்தனை பெரிய உடம்பைச் சுமந்து நிற்கும் யானை, இருட்டில் பத்தடி தூரத்தில் நின்றாலும் ஓசையே கேளாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மது அருந்திவிட்டுக் காவலுக்குப் போகாதீர்கள். எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். விரட்டுவது வயலின் எல்லையோடு நிற்கட்டும். காட்டுக்குள் பின்தொடர்ந்து ஓடாதீர்கள்.

இரவு ரோந்து வரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் மிகப் பலர் உங்கள் ஊர்களிலும் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளிலும் பிறந்தவர்கள்; சொற்பத் தொகுப்பூதியத்துக்குக் கைக்கழியோடும் ஒரு பேட்டரி லைட்டோடும் அந்தக் காட்டுக்குள் நடக்கிறவர்கள். மரங்களுக்கிடையே உங்கள் விளக்கு தெரிந்ததும், எதிரே இருப்பவர்களிடம் துப்பாக்கி இருக்குமோ என்ற பயம் அவர்கள் நெஞ்சிலும், பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம் உங்கள் நெஞ்சிலும் ஒரே கணத்தில் எழுகிறது. இரண்டு பயங்கள் இருட்டில் சந்திக்கும்போது யாருடைய விரல் அசையும் என்று எவர் அறிவார்? அப்படி ஒரு வேளை நேர்ந்துவிட்டால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிடுங்கள். வழக்கை வக்கீல் வைத்து நடத்திக்கொள்ளலாம். ஓடி ஒருவர் உயிர் போனால் அதற்கு மேல்முறையீடு இல்லை.

உங்களைப் போன்ற கிராமத்து மக்களுக்குக் கட்டுப்பாடு வராது என்று சொல்கிறவர்களுக்கு, சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியை நான் காட்டுவதுண்டு. கண்மாயில் வந்து தங்கும் பறவைகள் அஞ்சும் என்பதற்காக, அவ்வூரார் பல தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, குழந்தைகளும் வெடிப்பதில்லை. எந்தப் போலீஸ்காரரும் அங்கே காவல் நிற்கவில்லை. தாங்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட விதியாக இருப்பதால் அது நிலைத்திருக்கிறது. அதே மனத்திண்மை மலையடிவாரத்துக்கும் உண்டு என்று நான் பூரணமாக நம்புகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த திருவிழாவுக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, எங்கள் ஊரிலிருந்து இருட்டியபின் எவரும் காப்புக்காட்டுக்குள் போகமாட்டார்கள் என்று சாவடியில் பேசி முடிவு செய்யுங்கள். பரணில் நாட்டுத் துப்பாக்கி இருந்தால், ஒரு வழக்கறிஞரையோ ஊராட்சித் தலைவரையோ முன்னிறுத்தி, அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வைத்த சுருக்குக் கம்பிகள் எங்கெங்கே என்பது வைத்தவர்களுக்குத்தான் தெரியும். காட்டின் ஓரத்திலும் வயல் வரப்பிலும் உங்கள் கைக்கு எட்டியவற்றைப் பகல் வேளையில், மூன்று நான்கு பேராகப் போய் அவிழ்த்துவிட்டு, உள்ளே இருப்பவற்றின் இடத்தை வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

அன்புடன்,
உங்களுள் ஒருவன்